வீட்டை விற்று மிச்சக் காசைத் தவணையில் வாங்குவதென்றால் எங்கே கவிழும், எப்படிக் காப்பது

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியோடு ஒரு வீடு, விலை ஒரு கோடியே 80 இலட்சம் என்று வையுங்கள். மாதக்கணக்காகத் தரகர் ஆள் கொண்டுவருகிறார், வருகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், மாமரத்தைப் பாராட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். கடைசியில் ஒருவர் கேட்ட விலைக்கே சம்மதிக்கிறார். ஆனால் கையில் ஒரு கோடிதான் இருக்கிறது, மிச்ச 80 இலட்சத்தை ஐந்து வருசத்தில் மாதாமாதம் கட்டி முடிக்கிறேன், வங்கிக்குக் கொடுக்கிற வட்டியை உங்களுக்கே தருகிறேன் என்கிறார். விலை குறைக்கச் சொல்லிக் கேட்காத ஆளைக் கண்டால் நான் கொஞ்சம் கூடவே விசாரிப்பேன், அது வேறு கதை. ஆனால் இந்த ஏற்பாட்டை எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று தள்ளவும் தேவையில்லை. நல்ல விலை கிடைக்கும், மாதம் ஒரு வருமானம் வரும், வங்கிக் கடன் கிடைக்காத வெதுப்பகக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் வீடு கிடைக்கும்.

ஆபத்து எங்கே என்றால், இப்படி விற்கிறவர் தன்னை இன்னும் வீடு விற்கிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அந்த நாளிலிருந்து அவர் 80 இலட்சம் கடன் கொடுத்தவர். வங்கி செய்கிற எல்லா வேலையும் அவர் தலையில் விழுகிறது, வங்கிக்கு இருக்கிற பலம் மட்டும் அவருக்கு இல்லை.

அந்தப் பலம் என்னவென்று முதலில் பார்ப்போம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடனுக்கு வீட்டையோ காணியையோ ஈடு வைத்தவர் கட்டத் தவறினால் வங்கி நீதிமன்றம் போகாமலே தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தால் அந்தச் சொத்தை ஏலம் போட முடியும். பத்திரிகைகளில் பராட்டே, பராட்டே என்று எழுதினார்களே, அதுதான். 2024இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்ததற்கே அவ்வளவு சத்தம் வந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி கிடையாது. தனியாள் ஒருவர் ஈட்டுக் காசை அறவிட வேண்டுமென்றால் 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், பிறகு ஏலம், பிறகு ஆளை எழுப்புவது. நம்முடைய நீதிமன்றங்களில் காணி வழக்குகள் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இனிச் சொல்லப் போகிறது எல்லாம் வழக்குக்குப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு, போனால் வெல்லுகிற மாதிரியான ஏற்பாடு. இரண்டும் உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதுகிற நாளுக்கு முன்னமே செய்ய வேண்டியவை.

எந்த மாதிரி எழுதுவது

நம் ஊரில் பெரும்பாலும் மூன்று விதமாக நடக்கிறது. முதலாவது, உறுதியை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டு மிச்சக் காசுக்கு ஒரு கைநோட்டோ, திகதி தள்ளிய காசோலைகளோ, அதுவும் இல்லாமல் "அவர் நல்ல மனுசன்" என்ற நம்பிக்கையோ வைத்துக்கொள்வது. இதைச் செய்யாதீர்கள். இதில் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகளோடு உறுதி ஒப்பமிட்டவுடன் வீடு அவருடையது. மிச்சக் காசு தரவில்லை என்பதற்காக அந்த உறுதி செல்லாமல் போகாது. உங்களுக்கு இருப்பது காசுக்கு வழக்குப் போடும் உரிமை மட்டும், வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை இல்லை. அவர் அடுத்த மாதம் அதே வீட்டை வங்கியில் ஈடு வைக்கலாம், இன்னொருவருக்கு விற்கலாம், அவருடைய வேறு கடன்காரர் வந்து கைப்பற்றலாம். நீங்கள் கைநோட்டோடு வரிசையில் பின்னால் நிற்பீர்கள். முத்திரையில் ஒப்பம் வாங்கியிருக்கிறேன், பயமில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முத்திரை கடனுக்குச் சாட்சி சொல்லும், வீட்டைப் பிடித்து வைக்காது.

தாய் உறுதியை, அதாவது வீடு எனக்கு வந்த பழைய உறுதியை, என் கையில் வைத்திருக்கிறேன் என்பதும் இதே கதைதான். காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தால் உறுதிப்படுத்திய பிரதி கிடைக்கும். உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிற மூலப் பிரதி அவருக்குக் கொஞ்சம் இடைஞ்சல் தரும், அவ்வளவுதான்.

இரண்டாவது விதம், விற்பனை உடன்படிக்கை. உறுதி இப்போது இல்லை. காசு முழுக்கக் கட்டி முடிந்த பிறகுதான். வீடு உங்கள் பெயரிலேயே இருக்கிறது என்பதால் பாதுகாப்பாகத் தோன்றும், பாதி உண்மையும் கூட. காணி விடயத்தில் வாய்ப்பேச்சும் வெள்ளைத் தாளில் எழுதியதும் செல்லாது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். அதைச் சரியாகச் செய்தாலும் ஆபத்து வேறு பக்கமாக வருகிறது: சாவி. உடன்படிக்கை எழுதிய அன்றே சாவியைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அவர் குடியேறுகிறார், ஓட்டைப் பிரித்துச் சீற் போடுகிறார், குளியலறை கட்டுகிறார், சுற்றுமதில் எழுப்புகிறார். 14ஆம் மாதத்தில் தவணை நிற்கிறது. எழும்பச் சொன்னால் "நான் போட்ட காசையும் கட்டின காசையும் வையுங்கோ, எழும்புறன்" என்பார், சட்டமும் அவரை முழுதாகக் கைவிடாது. நல்லெண்ணத்தோடு திருத்தம் செய்தவருக்கு அந்தச் செலவைக் கேட்கவும், கிடைக்கும்வரை வீட்டைப் பிடித்து வைத்திருக்கவும் நம்முடைய உரோமன் டச்சுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்காகத்தான் உடன்படிக்கையில் தெளிவாக எழுத வேண்டும்: எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்தக் கட்டட வேலையும் செய்யக் கூடாது, அனுமதி வாங்கிச் செய்தாலும் முழுக் காசு கட்டும்வரை அதற்கு நட்டஈடு இல்லை, குடியிருப்பு உங்கள் அனுமதியின் பேரில் மட்டும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருசம் தடையில்லாமல் காணியை ஆண்டால் அது அவருடையதாகலாம். அனுமதியோடு இருந்தால் அந்தக் கணக்கு ஓடாது. அனுமதி என்று எழுத்தில் இல்லாவிட்டால், நீங்கள் கனடாவில் இருந்து வருசத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பத்து வருசம் எவ்வளவு கெதியாக முடியும் என்று அப்போதுதான் தெரியும். போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் காணிக்கு வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட. இன்றைக்கு நீங்களே விரும்பிச் சாவி கொடுத்தவருக்கு அது உதவாது.

கட்டத் தவறினால் கட்டிய காசு முழுக்க எனக்கு என்று ஒரு வரி எழுதுவார்கள். எழுதலாம். ஆனால் ஒருவர் 150 இலட்சம் கட்டிவிட்டு மிச்சம் 30இல் தவறினால், நீதிமன்றம் அந்த வரியை அப்படியே தூக்கி உங்கள் பக்கம் வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்டம் மாதிரித் தெரிகிற நிபந்தனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு முடியும். நியாயமான ஒரு தொகை, அதாவது அவர் இருந்த காலத்துக்கு வாடகை, வீட்டுக்கு ஏற்பட்ட சேதம், வழக்குச் செலவு இவற்றைக் கழித்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதினால் அந்த நிபந்தனை நிற்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது விதம், உறுதியும் ஈடும். உறுதியை அவர் பெயருக்கு முடிக்கிறீர்கள், அதே இருப்பில், அதே மேசையில், மிச்ச 80 இலட்சத்துக்கும் அந்த வீட்டையே உங்களுக்கு ஈடு வைத்து அவர் ஈட்டு உறுதி எழுதித் தருகிறார். வங்கி செய்வதும் இதைத்தான். அவர் விற்றாலும் வைத்தாலும் உங்கள் ஈடு வீட்டோடு ஒட்டியே போகும். பல வருசத் தவணை என்றால் என் தெரிவு இதுதான். ஒரு வருசத்துக்குள் முடிகிற கணக்கென்றால், சாவி கொடுக்காத உடன்படிக்கை போதும், செலவும் குறைவு.

ஆனால் ஈட்டு உறுதியை எழுதிவிட்டு அலுமாரியில் வைத்தால் பயனில்லை. இலங்கையில் காணிப் பத்திரங்களுக்குள் யார் முந்துவது என்பதை 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டம் தீர்மானிக்கிறது: முதலில் எழுதியவரை அது கேட்பதில்லை, முதலில் பதிந்தவரைக் கேட்கிறது. அவர் உங்கள் ஈட்டுக்குப் பிறகு வங்கியில் ஈடு வைத்து, வங்கி முதலில் பதிந்துவிட்டால் நீங்கள் இரண்டாம் ஆள். நொத்தாரிசு மாதாமாதம் தன் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்புவது வேறு, உங்கள் ஈட்டைக் காணியின் பதிவுத் தாளில் ஏற்றுவது வேறு, இதை இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் நிறைய. உறுதியும் ஈடும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் பதிவுக்குப் போகட்டும், சில நாள் கழித்துப் பதிவுத் தாளின் பிரதி எடுத்து, இடையில் வேறெதுவும் ஏறவில்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஒரு சிக்கல் கட்டாயம் வரும். இரண்டு வருசம் போக, வாங்கியவர் வங்கிக் கடன் எடுத்து உங்களை முடித்துவிடுகிறேன் என்பார், வங்கி முதலாம் ஈடு வேண்டும் என்னும், "நீங்கள் முதலில் ஈட்டை விடுங்கோ, அடுத்த நாள் காசு வரும்" என்பார்கள். அடுத்த நாள் என்று ஒன்று இல்லை. வங்கிக் காசோலை உங்கள் பெயரில், ஈடு விடுகிற அதே இருப்பில் கைமாற வேண்டும். வங்கிகளுக்கு இது பழகிய வேலை, கேட்டால் செய்வார்கள்.

யாருக்குக் கொடுக்கிறீர்கள்

வங்கி ஏன் இவருக்குக் கொடுக்கவில்லை? கூச்சப்படாமல் கேளுங்கள். வருமானம் இருக்கிறது, சம்பளப் பட்டியல் இல்லை என்றால் அது ஒரு பதில். கடை வைத்திருக்கிறவர், வெங்காயம் போடுகிறவர், வேலைக்கு ஆள் வைத்து மேசன் வேலை எடுக்கிறவர் பலரும் இப்படித்தான். ஏற்கெனவே மூன்று லீசிங், இரண்டு நுண்கடன், ஒரு சீட்டு ஓடுகிறது என்றால் அது வேறு பதில். கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லாரும் கிறிப் என்று சொல்கிற இடத்தில், ஒருவர் தன் சொந்தக் கடன் அறிக்கையைத் தானே எடுக்கலாம். உங்களால் அவருடையதை எடுக்க முடியாது, ஆனால் எடுத்துக் கொண்டுவரச் சொல்லலாம். நேர்மையான ஆள் இரண்டு நாள் முறைத்துவிட்டுக் கொண்டுவருவார்.

முதல் காசு எவ்வளவு என்பதுதான் மற்றக் காவல்களை எல்லாம் விடப் பெரிது. நான் பாதிக்குக் கீழே இறங்க மாட்டேன். பாதிக் காசைப் போட்டவர் வீட்டை விட்டுவிட்டுப் போக யோசிப்பார், ஏலத்துக்குப் போனாலும் குறைந்த விலையில்கூட உங்கள் மிச்சக் காசு தேறும். ஊருக்குள் ஏலம் என்றால், தெரிந்த குடும்பத்தின் வீட்டை ஏலத்தில் எடுக்கப் பலர் தயங்குவார்கள், வருகிற விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். அந்தக் குறைந்த விலையை மனதில் வைத்துத்தான் எவ்வளவு கடனாக விடலாம் என்று கணக்குப் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. காசு கட்டுகிறவர் ஒருவர், உறுதி இன்னொருவர் பெயரில். மகன் சுவிஸில், பிரஜாவுரிமை மாறிவிட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தால் வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் பெயருக்குக் காணி எழுத முடியாது, இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே அம்மாவின் பெயரில் எழுதச் சொல்வார்கள். 68 வயது அம்மாவுக்கு வருமானம் இல்லை, ஈட்டு உறுதியில் ஒப்பமிடப் போகிறவர் அவர்தான், கட்டாவிட்டால் நீங்கள் வழக்குப் போடப் போவதும் அவர்மீதுதான். மகனுக்கு அங்கே வேலை போனால், அல்லது குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்து "நான் ஏன் கட்ட வேண்டும்" என்று நின்றால், அந்த முதியவரை எழுப்ப உங்களுக்கே மனம் வராது. இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் கடன் தொகையைக் குறையுங்கள், காலத்தைச் சுருக்குங்கள், இங்கே சொத்தும் வருமானமும் உள்ள ஒருவரைப் பிணையாளராகப் போடுங்கள்.

அடுத்தது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். உங்கள் வீடு மனைவியின் சீதனம் என்றால் அவர்தான் விற்க வேண்டும், கணவனின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும்; 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. இதைப் பெரும்பாலான நொத்தாரிசுமார் கவனிப்பார்கள். கவனம் தப்புவது மறுபக்கத்தில்: வாங்குகிறவர் மனைவி பெயரில் வாங்கினால், அவர் உங்களுக்கு எழுதித் தருகிற ஈட்டு உறுதியிலும் கணவன் சம்மதித்து ஒப்பமிட வேண்டும். கணவன் பெயரில் வாங்கினால் அது தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, மனைவிக்கு அதில் பங்கு என்ற கதை பிறகு எழும்பலாம், எனவே இருவரையும் ஒப்பமிடச் சொல்லுங்கள், வாதத்துக்கே இடமிருக்காது. நீங்கள் விற்பது பிரிக்கப்படாத பங்கு என்றால் சக பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, முறையாக அறிவித்தல் கொடுக்காமல் விற்றுவிட்டு ஐந்து வருசத் தவணையில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கத்தாலும் வழக்கு வரும்.

உறுதியில் என்ன விலை

முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். சொத்துக் கைமாற்றத்துக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. ஒரு கோடியே 80 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் வரும், 90 இலட்சம் என்று எழுதினால் 3 இலட்சத்து 59 ஆயிரம். வாங்குகிறவருக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம் மிச்சம், உங்களுக்கு ஒரு சதமும் இல்லை. இப்போது யோசியுங்கள்: உறுதியில் விலை 90 இலட்சம், நீங்கள் ஏற்கெனவே வாங்கியது ஒரு கோடி. அந்தத் தாளின்படி உங்களுக்குக் கூடுதலாக அல்லவா காசு வந்திருக்கிறது! இதில் 80 இலட்சம் மிச்சம் என்று எந்த முகத்தோடு நீதிமன்றத்தில் சொல்வது? சட்டப்படி அது தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தவணைக்கு விற்கிறவருக்கு அது தன் தலையில் தானே மண் போடுகிற வேலை.

நொத்தாரிசின் அத்தாட்சிக் குறிப்பையும் வாசியுங்கள். எவ்வளவு காசு அவர் முன்னிலையில் கைமாறியது, எவ்வளவு மாறவில்லை என்று அதில் எழுதுவார். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வழமையான வரி அப்படியே கிடந்தால் வெட்டச் சொல்லுங்கள். ஒரு கோடி இன்ன காசோலையால், 80 இலட்சம் இன்ன இலக்க ஈட்டு உறுதியால் என்று இருக்க வேண்டும்.

வரி இன்னொன்றும் இருக்கிறது. சொத்தை விற்று வரும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரல் 1 தொடக்கம் திரும்ப நடைமுறையில் இருக்கிறது. சொந்தமாக மூன்று வருசம் தொடர்ந்து வைத்திருந்து, அதில் இரண்டு வருசமாவது நீங்களே குடியிருந்த பிரதான வீடென்றால் விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டை விற்கிறவர்கள் பலருக்கு அந்தக் குடியிருந்த நிபந்தனை பொருந்தாது. வரியோ வீடு கைமாறிய உடனே கேட்கப்படும், தவணை முடியும்வரை காத்திருக்காது. முதல் காசில் இதற்கு ஒதுக்கி வைக்காமல் முழுவதையும் கொழும்பில் அப்பார்ட்மென்டுக்குக் கட்டிவிட்டால் பிறகு கைக்கடன்தான். வீதம் இடைக்கிடை மாறுகிறபடியால், உறுதிக்கு முன் கணக்காளர் ஒருவரிடம் அந்த வருசத்து வீதத்தைக் கேளுங்கள். காசை வெளிநாட்டுக்கு எடுக்க நினைக்கிறவர்கள் விற்க முன்பே வங்கியில் அந்நியச் செலாவணி விதிகளையும் கேட்டுவிடுவது நல்லது, தவணையாக வருகிற காசை எந்தக் கணக்கில் போடுவது என்பதே அங்கே ஒரு கேள்வி.

வட்டியும் ரூபாயும்

80 இலட்சத்தை வட்டியில்லாமல் 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1 இலட்சத்து 33 ஆயிரம் சொச்சம். வருசம் நூற்றுக்கு 12 வட்டியோடு, குறைந்துவரும் நிலுவைக்கு என்றால் மாதம் ஏறக்குறைய 1 இலட்சத்து 78 ஆயிரம். தவணை அட்டவணையை ஈட்டு உறுதியோடு இணைத்துவிடுங்கள், எந்தத் தவணையில் எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி என்று. "வட்டியைப் பிறகு பார்ப்போம்" என்று விட்டால் பிறகு பார்க்கிறபோது இரண்டு பேரிடமும் இரண்டு கணக்கு இருக்கும். சேர்ந்துபோன வட்டி முதலைத் தாண்டினாலும் முதலின் அளவுக்கு மேல் வட்டியை நீதிமன்றம் அறவிட்டுத் தராது, ஆகவே நிலுவையை வளரவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது இலாபமில்லை.

2022ஐ யாரும் மறக்கவில்லை. வருசத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில், மே மாதமளவில் 360. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக நூற்றுக்கு 7 புள்ளி ஏற்றியது. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தொட்டது. 2021இல் மாதம் ஒரு இலட்சம் ரூபாய்த் தவணைக்கு வீடு விற்றவருக்கு அந்தக் காசு 500 டொலரிலிருந்து 280க்குக் கீழே போயிற்று, வாங்கியவர் ஒரு நாளும் பிந்தாமல் கட்டினாலும். நேர்மையான ஆளிடமும் நட்டப்படலாம் என்பது இதுதான். வட்டியை ஒரேயடியாக ஐந்து வருசத்துக்குப் பூட்டாமல், வருசத்துக்கு ஒருமுறை திறைசேரி உண்டியல், அதாவது அரசு குறுங்காலக் கடன் வாங்குகிற பத்திரத்தின் வட்டி வீதத்தோடு சேர்த்து மாற்றுவதாக, மேலும் கீழும் ஒரு எல்லை வைத்து எழுதலாம். தங்கத்தில் பேசலாமா, மிச்சம் இத்தனை பவுண் என்று வைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வாங்குகிறவரின் வருமானம் பவுணோடு ஏறுவதில்லை, தங்கம் ஏறுகிற வருசத்தில் அவர் கட்டுவதை நிறுத்துவார். அதைவிடக் காலத்தைக் குறைப்பது மேல்: ஐந்து வருசம் மூன்றாகட்டும், மாதத் தவணை கூடட்டும்.

காசு வருகிற வழி

எல்லாம் வங்கிக் கணக்குக்கு. கையில் தந்தால் பற்றுச்சீட்டு, இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் ஒப்பம். வெளிநாட்டிலிருந்து உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், வருகிற காசு யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று எங்கேயும் எழுதப்படாது, மூன்று வருசத்துக்குப் பிறகு "நான் 40 அனுப்பினேன், நீங்கள் 36 என்கிறீர்கள்" என்று வந்தால் உண்டியல்காரர் நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். சட்டப்படியும் அது சிக்கலான பாதை. திகதி தள்ளிய காசோலை வாங்கி வைப்பதில் தவறில்லை, கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம், அந்தப் பயம் உதவும். ஆனால் காசோலை ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் வங்கி ஏற்காது, திகதி வந்த அன்றே போடுங்கள், "இந்த மாதம் போடாதையுங்கோ, கையில் தாறன்" என்றால் அதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிந்தினால் என்ன செய்வது? முதல் மாதமே கேளுங்கள். உறவு முறிந்துவிடும் என்று நான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் மாதம் சண்டை பிடிப்பதுதான் உறவை முறிக்கும். இரண்டு தவணை தவறினால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், மூன்று தவறினால் மிச்ச முழுத் தொகையும் உடனே வரவேண்டியதாகும் என்று ஈட்டு உறுதியிலேயே இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால் தவறிய மூன்று தவணைக்கு மட்டும்தான் வழக்குப் போடலாம் என்று எதிர்த் தரப்பு வாதாடும். எழுத்துக் கடனுக்கு ஆறு வருசம், ஈட்டுக்குப் பத்து வருசம் என்று வழக்குக்கான காலக்கெடு இருக்கிறது, அதுவரை அமைதியாக இருக்கலாம் என்பதற்காகச் சொல்லவில்லை.

சில வேளைகளில் வாங்கியவரே "என்னால் முடியாது, வீட்டைத் திருப்பி எடுங்கோ" என்பார். வழக்கைவிட அது எவ்வளவோ மேல், ஆனால் திருப்பி எழுதவும் இன்னொரு உறுதி, இன்னொரு முத்திரை வரி. அதை யார் கட்டுவது என்று முன்னமே எழுதியிருந்தால் அந்த நேரத்தில் பேரம் பேச வேண்டியிராது.

மரணமும் நெருப்பும்

வாங்கியவர் தவணை நடுவில் இறந்தால் அவருடைய வாரிசுகள் யார், சொத்து யார் கையில் என்று மரணசாசன வழக்கில் முடிவாகும்வரை உங்கள் காசு நிற்கும். கடன் தொகை அளவுக்கு ஓர் ஆயுள் காப்புறுதி எடுத்து உங்களுக்கு ஒப்படைக்கச் சொல்லலாம், நாற்பது வயதுக்காரருக்கு அது பெரிய செலவில்லை. நீங்கள் இறந்தாலும் இதே இழுபறிதான், அந்த முறை உங்கள் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டிலிருந்து அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்காக ஒப்பமிடும் அதிகாரம், கொடுத்துத் தம்பி மூலம் விற்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கொடுத்தவர் இறந்த கணத்தில் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். உடன்படிக்கை முறையில் விற்று, கடைசி உறுதியை எழுதிக்கொடுக்க வேண்டியவர் போய்விட்டால், முழுக் காசும் கட்டிய வாங்குகிறவர் நான்கு நாட்டில் இருக்கிற வாரிசுகளைத் தேட வேண்டும். அவருக்கும் இது ஆபத்து என்று சொல்லிக்காட்டினால் உறுதியும் ஈடும் என்ற முறைக்கு அவரே சம்மதிப்பார்.

நெருப்பு, மின்னல், புயலுக்கு வீட்டுக் காப்புறுதி எடுத்து அதில் ஈட்டுக்காரராக உங்கள் பெயரும் இருக்கட்டும். சோலைவரி, மின்சார, தண்ணீர் கணக்குகளை அவர் பெயருக்கு மாற்றுங்கள். உடன்படிக்கை முறை என்றால் உங்கள் பெயரிலேயே வைத்து மாதாமாதம் கட்டிய சிட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே ஏற்கெனவே வங்கி ஈடு இருந்தால், அதை முதல் காசில் மீட்டு முடிக்காமல் எந்த விதத் தவணை விற்பனைக்கும் போகாதீர்கள். நீங்கள் தவறினால் வாங்கியவரின் வீடு ஏலம் போகும், அவர் உங்கள்மேல் வழக்குப் போடுவார்.

கடைசித் தவணை வந்த பிறகு விற்கிறவர்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார்கள். ஈடு முடிந்தது என்று அதே நொத்தாரிசிடம் மீட்பு எழுதி, பதிவுத் தாளில் அதையும் ஏற்றி, திகதி தள்ளிய காசோலைகளில் போடாமல் மிஞ்சியவற்றைத் திருப்பிக் கொடுத்து, தாய் உறுதிகளைப் பட்டியல் எழுதி ஒப்பம் வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். பதிவில் உங்கள் ஈடு அப்படியே கிடந்தால் அவரால் விற்கவும் முடியாது, வங்கிக்குப் போகவும் முடியாது, பத்து வருசம் கழித்து உங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு திரிவார்.